மூணாவது தூண், மின்ட் மேம்பாலம்

வண்ணை நர்ஸ்:
வாரத்துல ரெண்டு நாள், டியூட்டி முடிஞ்சதும் நாங்க நாலு பேரு மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு, ரோட்டோரம் படுக்கிறவங்களுக்கு வைத்தியம் பார்க்க, சென்னை வால்டாக்ஸ் ரோட்டுல ஆரம்பிச்சு மின்ட் மேம்பாலம் வரைக்கும் நடப்போம். ராத்திரி பத்துக்கு முன்னாடி போய்ப் பிரயோஜனமில்ல. கடை ஷட்டர் இறங்கினாத்தான் அவங்களுக்குப் படுக்க இடம்.

போன மழையில பாலத்துக்குக் கீழ ஒரு பெரியவர். மீன்பாடி வண்டி, அதான் சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டி, ஓட்டினவர். வலது கால்ல பாலிதீன் கவரைச் சுத்திக் கயிறு கட்டியிருந்தார். அவுத்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல புழு. மூச்சை அடக்கிக்கிட்டேன், அதையும் பார்த்துட்டார். "இன்னாம்மா மூஞ்ச சுளிக்கிற? எனக்கே வலிக்கல!"

வலிக்காததுதான் வினை. சர்க்கரையால நரம்பு செத்துட்டா கால்ல ஆணி ஏறினாக்கூடத் தெரியாது. விரல்ல குத்திப் பார்த்தா மீட்டர்ல சர்க்கரை 412.

டர்பன்டைன்ல நனைச்ச துணியைப் புண்மேல வெச்சோம். நெடி தாங்காம புழு மேல வரும், ஃபோர்செப்ஸால ஒண்ணொண்ணா எடுக்கணும். முப்பத்தேழோட எண்ணுறதை விட்டுட்டேன். அவர் பாட்டுக்கு டீ குடிச்சுக்கிட்டே, அது யாரோ ஒருத்தர் கால் மாதிரி வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தார்.

ஆட்டோல ஏத்தி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேரு வேண்டாம். "கூட இருக்கிற ஆள் யாரு? ஆள் இல்லாம எப்படி வார்டுல போடுறது?" ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் அவருக்கு மக ஆனேன். ஒரு விரல் போச்சு, கால் தப்பிச்சுது.

அப்புறம்தான் ரோதனை. 2021 ஆகஸ்ட்லேர்ந்து தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. நல்ல திட்டம், எங்க அம்மாவே அதுலதான் வாங்குறாங்க. ஆனா கதவே இல்லாதவரை எங்கன்னு தேடுவாங்க? எங்க நோட்டுல அவர் விலாசம் "மூணாவது தூண், மீன்பாடி தாத்தா". கொடுத்த மாத்திரை அட்டை ரெண்டாவது வாரமே மழையில ஊறிப் போச்சு. சட்டைப் பைதானே அவருக்கு அலமாரி.

ராயபுரத்தான்:
எங்களுக்கு முதல் தலைவலி நாய்தான். தூங்குறவங்களை எழுப்ப விடாது. இப்பல்லாம் கட்டுத்துணி மறந்தாலும் பொறை இல்லாம கிளம்புறதில்ல.

காசிமேட்டு அக்கா:
நான் டிபி மருந்து கொடுக்கிற வேலையில இருந்தேன். ஆறு மாசம், ஒரு நாள் விடாம முழுங்கணும். மாத்திரை ஆரம்பிச்ச மறுநாளே ஒருத்தர் ஆளையே காணோம். ஐஸ் ஃபேக்டரி வாசல்ல பிடிச்சேன். மூத்திரம் ஆரஞ்சாப் போனதைப் பார்த்துட்டு ரத்தம்னு பயந்திருக்கார். டிபி மருந்துல இருக்கிற ரிஃபாம்பிசின் போட்டா அப்படித்தான் போகும். முதல் நாளே சொல்லாதது என் தப்பு.

டிபி நோயாளிங்களுக்குச் சத்தான சாப்பாட்டுக்கு அரசு தர்ற பணம் 2024 நவம்பர்லேர்ந்து மாசம் 1000 ரூபா. அது பேங்க் கணக்குலதான் விழும். இவருகிட்ட ஆதாரே இல்ல. மாத்திரையாவது பத்திரமா இருக்கட்டும்னு டீக்கடை அண்ணன்கிட்ட கொடுத்தேன். வர்க்கி பாட்டிலுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டார். தினம் காலையில "மாத்திரை போட்டாத்தான் டீ". ஆறு மாசமும் அந்த டீக்குக் காசு வாங்கல.

வண்ணை நர்ஸ்:
அக்கா, நாளைக்கே எங்க ஏரியா டீக்கடையில பேசிப் பார்க்குறேன். தாத்தா இப்ப அஞ்சாவது தூணுக்குப் போயிட்டார். மூணாவதுல ஒழுகுதாம்.