லான்ட் ரோவர் 88: கியர்பொக்ஸ் இறக்க, சேஸியின் குறுக்குச் சட்டத்தை வெட்டிப் போல்ட் போடலாமா?

கல்லடி88:
வண்டி சீரிஸ் 3, குட்டை சேஸி, 2286 சிசி பெற்றோல் எஞ்சின், மேலே தகரக் கூடு. கிளச் பிளேட் முடிஞ்சுது, ரிலீஸ் பேரிங்கும் சத்தம். கியர்பொக்ஸை மேலால எடுக்கிறதெண்டா தரைத் தகடு, டனல் (கியர்பொக்ஸை மூடுற நடுத்தகடு), சீட் பொக்ஸ் (சீட்டுக்குக் கீழ இருக்கிற பெட்டி) எல்லாம் கழட்ட வேணும். சீட் பொக்ஸ் போல்ட் பாதி துருவில ஒட்டிப்போய்க் கிடக்கு. கீழால இறக்கலாமெண்டு பாத்தா, கியர்பொக்ஸுக்குக் கீழ இருக்கிற குறுக்குச் சட்டம் சேஸியோட வெல்டிங். கராஜ் பாஸ் சொல்றார், ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்து, ஆங்கிள் வைச்சு நாலு போல்ட் போட்டா அடுத்த முறை அரை நாள் வேலையெண்டு. செய்யலாமா? செய்தா எத்தின மில்லி தகடு, என்ன போல்ட்?

ஓட்டமாவடி லேத்:
தம்பி, சீட் பொக்ஸில உள்ள கோவத்தைச் சேஸியில காட்டாதீங்க. இந்த வண்டிக்குக் கம்பனி வைச்ச பாதை மேலாலதான். உங்களை மறிக்கிறது சேஸி இல்ல, துருப்பிடிச்ச போல்ட்.

சீட் பொக்ஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில நிக்கிற வண்டியில ரெண்டும் ஒண்டையொண்டு தின்னும். ஸ்பேனர் போட்டுத் திருகினா அலுமினியம்தான் கிழியும். தலையைக் கிரைண்டரால வெட்டி, மிச்சத்தைத் துளைச்சு எடுங்க. ஆனா வலப்பக்க சீட்டுக்குக் கீழதான் பெற்றோல் டாங்கி, பொறி பறக்கிற வேலைக்கு முதல் அதைக் கழட்டி வெளிய வைக்க வேணும். திரும்பப் பூட்டக்குள்ள கீழ்ப்பக்கம் எம்6 கூண்டு நட்டு (தகட்டிலயே பிடிச்சு நிக்கிற நட்டு) வைச்சு, போல்டுக்கு நைலோன் வாஷரும் கிறீஸும் போட்டா அடுத்த முறை பெட்டி கழட்ட ஒரு மணித்தியாலம் காணும்.

தூக்கிறதுக்குக் கிரேன் தேவையில்ல. ரெண்டு கதவையும் கழட்டுங்க. கனமான 2 அங்குல ஜிஐ பைப்பை ஒரு கதவால விட்டு மறுகதவால எடுத்து, ரெண்டு அந்தத்துக்கும் உறுதியான தாங்கி குடுத்து, நடுவில செயின் புளொக் மாட்டுங்க. கியர்பொக்ஸைப் பின்னுக்கு இழுத்துக் கழண்டதும் சேஸிக்கு மேல உயர்த்தி, கீழ பலகை விரிச்சு இடப்பக்கக் கதவால சறுக்கி எடுக்கலாம். பைப் நிக்கிற இடம் மணல் எண்டா தாங்கிக்குக் கீழ பலகை கட்டாயம். பாரம் ஏறினாப் பிறகுதான் மணல் இறங்கும்.

அதுக்கு முதல் ஒயிலை வடியுங்க: மெயின் கியர்பொக்ஸில 1.5 லீற்றர், ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில (முன், பின் சில்லுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) 2.5 லீற்றர், ரெண்டும் ஈபி90 கியர் ஒயில். முன், பின் புரொப்பெல்லர் சாஃப்ட், ஸ்பீடோ கேபிள், ஹேன்ட்பிரேக் கம்பி, கிளச் ஸ்லேவ் சிலிண்டர், நாலு சில்லு ஓட்டத்துக்கான மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ் லீவர் எல்லாம் கழட்டின பிறகு எஞ்சினைப் பாருங்க. எஞ்சின் முன்னுக்கு ரெண்டு மவுண்டில மட்டும்தான் நிக்குது, கியர்பொக்ஸ் கழண்டா பின்பக்கம் சாயும். ஃப்ளைவீல் கூட்டுக்குக் கீழ கட்டை குடுக்காட்டி மவுண்ட் றப்பர் கிழியும், எக்ஸோஸ்ட் மூட்டு இழுபடும்.

அக்கரைப்பற்று வெல்டிங்:
ஓட்டமாவடி நாநா சொன்னதுதான் முதல் வழி. அதுக்குப் பிறகும் வெட்டத்தான் போறீங்க எண்டா, பாஸ் சொன்ன மாதிரி ஆங்கிள் வைக்க விடாதீங்க. சேஸி சுவர் 2 மில்லி தகடு, உள்ளுக்கு வெறும் பெட்டி. ஆங்கிளைச் சுவரில வைச்சு போல்டை இறுக்கினா பெட்டி சப்பையாகும். கொஞ்ச நாளில ஓட்டை நீளும், போல்ட் ஆடும், சுவர் வெடிக்கும்.

வெட்ட முதல் செய்ய வேண்டியது அளவு. முன் ஸ்பிரிங் பின்தொங்கல் போல்டில இருந்து எதிர்ப்பக்கப் பின் ஸ்பிரிங் முன்போல்ட் வரைக்கும் மூலைக்கு மூலை ரெண்டு அளவும் எடுத்து எழுதி வைங்க. வித்தியாசம் 3 மில்லிக்கு மேல எண்டா சேஸி ஏற்கெனவே வளைஞ்சிருக்கு, அதைச் சரி செய்யாமல் இதைத் தொடாதீங்க. பிறகு வண்டியை மட்டமா நிறுத்தி, சட்டத்துக்கு முன்னும் பின்னும் ரெண்டு சேஸிக் காலுக்கும் (நீளவாட்டில ஓடுற ரெண்டு சட்டம்) தாங்கி வைங்க. 50 x 50 x 6 ஆங்கிளை ரெண்டு காலுக்கும் குறுக்கா, வெட்டுற இடத்துக்குக் கிட்ட டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடிச்சுப் பிடியுங்க. இது இல்லாமல் வெட்டினா, வெட்டுத் துண்டு கழண்ட உடன கால் ரெண்டும் 2, 3 மில்லி அகலும் அல்லது ஒடுங்கும். பிறகு அந்தச் சட்டம் திரும்ப ஏறாது.

சேஸியோட ஒட்ட வெட்டக் கூடாது. ரெண்டு பக்கமும் சட்டத்தில 75 மில்லி துண்டை (குத்தி) சேஸியோடயே விட்டுட்டு நடுத்துண்டை எடுங்க. குத்தியின் வாய்க்கும் நடுத்துண்டின் வாய்க்கும் 8 மில்லி பிளேட், ஒரு வாய்க்கு ஒண்டு, மொத்தம் நாலு. சோடியா கிளாம்ப் பண்ணி ஒரே துளையா எடுங்க, தனித்தனியாத் துளைச்சா ஒரு நாளும் பொருந்தாது. பக்கத்துக்கு நாலு எம்12, 8.8 போல்ட், நைலொக் நட்டு, 80 நியூட்டன் மீற்றர் இறுக்கம். பிளேட்டு நாலும் 8 மில்லி எண்டா 32 மில்லி, அதோட சிம்முக்கு (பிளேட்டுக்கு இடையில வைக்கிற மெல்லிய தகடு) 1.5 மில்லி கூட்டி, அவ்வளவையும் நடுத்துண்டில வெட்டிக் குறைச்சாத்தான் பழைய அகலம் நிக்கும். இதைக் கணக்குப் பார்க்காமல்தான் கனபேர் பிழை விடுற.

நம்ம ஊரில கனபேர் வெல்டிங் முடிஞ்ச பிறகு போல்ட் போடுவாங்க. அது தலைகீழ். நடுவில சிம் வைச்சு போல்டை இறுக்கின நிலையில வெல்டிங் அடிங்க. இல்லாட்டி வெல்டிங் ஆறிச் சுருங்கக்குள்ள பிளேட் கோணும். 2.5 மில்லி 6013 வெல்டிங் குச்சி, 70 ஆம்பியர் அளவு. ஆர்க்கைத் தடிச்ச பிளேட்டில பிடிச்சு, மெல்லிய தகட்டுக்கு எட்டிப் பார்க்க விடுங்க. ஒரே மூச்சில சுத்தி வராதீங்க, 25 மில்லி அடிச்சு எதிர்ப்பக்கம் போங்க.

சிம் எதுக்கெண்டா, பிறகு வந்த லான்ட் ரோவர் டிஃபெண்டரில கம்பனியே இந்தச் சட்டத்தைப் போல்ட்டில பூட்டியிருக்கு. அது இறுக்கமா நிக்கிறதால கழட்டக்குள்ள சேஸிக் கால் ரெண்டையும் ஜெக்கால விரிக்க வேண்டி வரும். சிம்மை உருவினா அந்தத் தலையிடி இல்ல. ஆனா இடைவெளி இருக்கெண்டு சிம் இல்லாமல் போல்ட்டால இழுத்து மூடிராதீங்க, சேஸி உள்ளுக்கு வளையும்.

கல்லடி88:
நன்றி நாநா. வெட்டினாப் பிறகு கியர்பொக்ஸ் அந்த இடைவெளியால இறங்குமா?

அக்கரைப்பற்று வெல்டிங்:
அதை வெட்டினாப் பிறகு கேக்கக் கூடாது! ட்ரான்ஸ்ஃபர் பெட்டி ஒரு பக்கம் தள்ளி நிக்கும். மட்டைப் பெட்டியில அதின்ட அகலமான இடத்தை வெட்டி எடுத்து, சேஸிக் கால் ரெண்டுக்கும் நடுவில பிடிச்சுப் பாருங்க. மட்டை இறங்காட்டி வேலை அந்த இடத்திலயே முடிஞ்சுது. இறங்கினாலும் வண்டியை நல்லா உயர்த்தி நிறுத்தினாத்தான் பக்கவாட்டா வெளிய இழுக்கலாம். அதுக்குக் கராஜில சீமெந்துத் தரை வேணும், மணலில ட்ரொலி ஜெக் ஓடாது.

பொத்துவில் வயரிங்:
ரெண்டு பேரும் விட்ட ஒண்டு. பின்லைட் வயர் கட்டு சேஸிக் காலுக்கு உள்ளால போகுது. குத்திக்குக் கிட்ட வெல்டிங் அடிக்கிற சூட்டில உறை உருகினா, பின்லைட் போட்ட அண்டைக்குத்தான் தெரியும். வயரை முதல் இழுத்து எடுத்துட்டு, போன வழிக்கு ஒரு நூல் கட்டி விடுங்க. பிரேக் பைப்பையும் தள்ளி வைங்க. பட்டரி ரெண்டு வயரும் கழட்டி, ஓல்டர்னேட்டர் பிளக்கையும் உருவுங்க. எர்த் கிளாம்பை வெல்டிங் அடிக்கிற துண்டிலயே பிடிக்க வேணும். எங்கேயோ பம்பரில பிடிச்சா கரண்ட் பேரிங்குக்குள்ளால தாண்டிப் போகும்.

டாங்கியைக் கழட்டி வெளிய எடுங்க எண்டு நாநா சொன்னது சும்மா இல்ல. பெற்றோல் வடிச்ச டாங்கிதான் நிறைஞ்ச டாங்கியை விட மோசம், உள்ளுக்கு ஆவி.

முடிச்சாப் பிறகு நடுத்துண்டின் அடியில 10 மில்லி வடிகால் ஓட்டை போடுங்க. மாரியில உள்ளுக்குப் போன தண்ணி வெளிய வராட்டி, புது வெல்டிங் வழியாத்தான் முதல் துரு தொடங்கும். துத்தநாகப் பெயின்ற் வெளியில, மெழுகு உள்ளுக்கு.

ஓட்டமாவடி லேத்:
மேலாலயோ கீழாலயோ, திரும்பப் பூட்டக்குள்ள கியர்பொக்ஸின்ட பாரத்தைக் கிளச் பிளேட்டில தொங்க விடாதீங்க. இன்புட் சாஃப்ட் பிளேட்டுக்குள்ள பாதி ஏறி நிக்க, பின்பக்கம் கீழ விழுந்தா பிளேட்டின் நடு வளையும். புதுப் பிளேட் போட்டும் கிளச் பிரியாமல் கியர் கரகரக்கும். பழைய இன்புட் சாஃப்ட் ஒண்டு எடுத்து பிளேட்டை நடுவாக்கி வைச்சா, கியர்பொக்ஸ் கையால தள்ளவே ஏறும். ஏறாட்டி பெல் ஹவுசிங் நட்டைத் திருகி இழுத்து ஏத்த வேண்டாம், திரும்பக் கழட்டிப் பாருங்க.

கல்லடி88:
மட்டை வெட்டிப் பிடிச்சுப் பாத்தன். இறங்கேல்ல. சீட் பொக்ஸ் போல்ட் தலை வெட்ட நாளைக்கு டிஸ்க் வாங்கப் போறன்.

ஓட்டமாவடி லேத்:
1 மில்லி வெட்டு டிஸ்க் வாங்குங்க. டாங்கி முதல், டிஸ்க் பிறகு.