பைரோகாக்கஸ்: குளுக்கோஸ் கணக்கு பூஜ்யத்தில் நிற்கிறதே?

கடைசிபெஞ்ச்:
கொதிநீர்ச் சூட்டில் வாழும் நுண்ணுயிரான பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் குளுக்கோஸை உடைக்கும் ஆற்றல் வரவு செலவைப் போட்டுப் பார்த்தேன். செல்லின் ஆற்றல் நாணயமான ATP (மூன்று பாஸ்பேட்), அதில் ஒன்று குறைந்த ADP (இரண்டு பாஸ்பேட்), தமிழில் எழுதினால் இரண்டுமே ஏடிபி ஆகிவிடுவதால் ட்ரை, டை என்றே எழுதுகிறேன். குளுக்கோஸைப் பைருவேட் வரை உடைக்கும் வழக்கமான கிளைக்கோலிசிஸில் 2 ட்ரை செலவு, 4 வரவு. இங்கே கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் ஒரே தாவலில் 3-பாஸ்போகிளிசரேட் ஆகிவிடுவதால் 2 வரவு அடிபடுகிறது. மிச்சம் பூஜ்யம். அப்புறம் எப்படி உயிர் வாழ்கிறது? முதல் செலவுக்கும் ட்ரைக்குப் பதில் டையைத்தான் பயன்படுத்துகிறதாமே, ஏன்?

உப்புத்தண்ணி:
100 டிகிரியில் ட்ரை உடைந்துவிடும், அதனால்தான் டை.

கொதிகலன்:
அந்த விளக்கம் நிற்காது. மிதச் சூட்டில் வாழும் மெத்தனோசார்சினா என்ற நுண்ணுயிரிலும் டை கேட்கும் நொதி இருக்கிறது. ஏன், மனித உடம்பிலேயே டை கேட்கும் குளுக்கோகைனேஸ் (குளுக்கோஸில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) ஒன்று உண்டு. செலவும் குறையவில்லை. ட்ரை டை ஆனாலும், டை ஏஎம்பி (ஒரே பாஸ்பேட்) ஆனாலும் போவது ஒரு பாஸ்பேட் பிணைப்புதான்.

பூஜ்யம் என்பது பைருவேட் வரைக்கும் சரி. நீங்கள் அங்கேயே கணக்கை மூடிவிட்டீர்கள். பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகி, அது அசிட்டேட் ஆகும்போது ஒரு குளுக்கோஸுக்கு 2 ட்ரை கிடைக்கிறது.

இன்னொரு வரவு எலக்ட்ரான் வழியாக. நீங்கள் சொன்ன அந்த ஒரே தாவலைச் செய்யும் நொதியின் நடுவில் டங்ஸ்டன் உட்கார்ந்திருக்கிறது. பழைய பல்பு இழையில் இருந்த அதே உலோகம். அந்த நொதி எலக்ட்ரானை வழக்கமான சுமப்பானான என்ஏடிக்குத் தராமல், ஃபெரிடாக்சின் என்ற சுமக்கும் புரதத்துக்குத் தருகிறது. செல் சவ்விலுள்ள ஹைட்ரஜனேஸ் என்ற நொதி அந்த எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே வரும் விசையில் கொஞ்சம் ட்ரை உருவாகிறது. ஆக, தாவலில் விட்டதில் ஒரு பங்கு இங்கே திரும்பி வந்துவிடுகிறது. வழக்கமாக நடுவில் வந்து, இங்கே தாண்டப்பட்ட 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் சூட்டில் சீக்கிரம் சிதையும் சரக்கு என்பதால் எனக்கு இது நல்ல பேரமாகவே படுகிறது.

டங்ஸ்டனின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒருமுறை வளர்ப்பு ஊடகத்தில் டங்ஸ்டேட் (டங்ஸ்டன் உப்பு) சேர்க்க மறந்துவிட்டேன். மால்டோஸ் இருந்தது, ஆக்சிஜன் துளியும் இல்லை, சூடும் சரியாக 98 டிகிரி. மறுநாள் காலையில் பாட்டில்கள் கலங்கியும் கலங்காமலும் நின்றன, அதாவது வளர்ச்சி சரியில்லை. ரப்பர் மூடி கசிகிறதோ என்று இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிபெஞ்ச்:
அசிட்டேட்டை மறந்தேவிட்டேன் அண்ணா. கந்தகம் சேர்த்து வளர்ப்பதாகவும் படித்தேனே?

கொதிகலன்:
சேர்த்தால் எலக்ட்ரான்கள் கந்தகத்துக்குப் போகும், ஹைட்ரஜனுக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். மூடியைத் திறக்கும் முன் வாயுப்போக்கிப் பெட்டியைப் போட்டுவிடுங்கள். நான் போடாத அன்று அழுகிய முட்டை வாடை மாடிப்படி வரை போனது.