112 படிக்கு எந்த வரியில் காசு?

ஹட்டனிலிருந்து:

கொந்தராத்து முறை மாறினபோது உங்கள் சைட்டில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது 2019, டிக்கோயாப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம். நான் சுப்பவைசர். அதுவரை மேசனுக்கும் கையாளுக்கும் நாட்சம்பளம். சனிக்கிழமை பின்னேரம் காசு கைக்கு வந்துவிடும். புதுக் கம்பனி வந்ததும் சதுர அடிக் கணக்கு. கட்டின சுவரை அளந்து மாதக் கடைசியில் பில், அதிலும் 5 வீதம் பிடித்து வைப்பார்கள். ஒப்பந்தம் இங்கிலீஷில் நாலு பக்கம்.

எங்கள் மூத்த மேசன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எனக்குக் கோபம். "வேகமா கட்டினா உங்களுக்குத்தானே லாபம் அண்ணே" என்றேன். அவர் கீழே ரோட்டைக் காட்டினார். லொறி அங்கேதான் நிற்கும். அங்கிருந்து தேயிலைக்குள் 112 படி ஏற வேண்டும்.

"50 கிலோ சீமெந்து மூட்டைய இங்க தூக்கிட்டு வர்றதுக்கு இந்தப் பேப்பர்ல எந்த வரில காசு இருக்கு தம்பி?"

நாலு பக்கத்தையும் புரட்டினேன். இல்லை.

அப்புறம் மழை. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் பிடித்தால் விடாது. நாட்சம்பளத்தில் மழை நாளுக்கு அரை நாளாவது போடுவார்கள். சதுர அடியில் அந்த நட்டம் முழுக்க மேசன் தலையில். "தோட்டத்துல கொழுந்து குறைஞ்சா எங்கம்மாவுக்கு அரைப்பேர்னு பாதிச் சம்பளந்தான் போடுவாங்க. அதே தராசுதான் இது" என்றார். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். அதற்கு மேல் எனக்குப் பேச வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவரையே அஞ்சு பேருக்குக் கொந்தராத்துக்காரர் என்று எழுதியிருந்தார்கள். அப்போது தொழிலாளியின் பேரில் முதலாளி கட்டவேண்டிய 12 வீத சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் யார் பொறுப்பு?

இரண்டு பேரும் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம்: தூக்குகூலி தனி, மழை நாளுக்கு அரைச் சம்பளம், நிதி கம்பனி கட்டணும். தூக்குகூலிக்கு மட்டும் சரி என்றார்கள். ஆகஸ்டில் இரண்டு கையாட்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மேசன் நின்று சுவரை முடித்துக் கொடுத்தார். அளந்து கொடுப்பதை நான் இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன். மலையையும் மழையையும் அளக்காமல் சுவரை மட்டும் அளந்ததுதான் தப்பு.

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசியில் தொடங்கும். அந்த மாதத்தில்தான் கல்கட்டுக்கு மண் வெட்டச் சொன்னார்கள். 45 நாளில் முடிக்காவிட்டால் பில்லில் வெட்டு என்று ஒப்பந்தம். எங்கள் ஆட்கள் இறங்க மறுத்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை சரிந்து மண் வந்ததை மறக்க முடியுமா? அங்கே சொந்தக்காரரைப் பறிகொடுத்த ஒருவர் எங்கள் செட்டிலேயே இருந்தார். கம்பனிக்காரர்கள் எங்களைச் சோம்பேறிகள் என்று திட்டினார்கள், ஒரு வாரச் சம்பளத்தையும் நிறுத்தினார்கள். நாலாம் நாள் இராத்திரி வெட்டின கரை சரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் இரண்டு தள்ளுவண்டியும் மண்ணுக்கு அடியில்.