ஆலோசகரின் சாய்வு: திருத்த வேண்டியது மனத்தையா, வேலைமுறையையா?

ஆற்றுமணல்:
உளவள ஆலோசனைப் பயிற்சியில் முதல் பாடமே "உன் முன்முடிவுகளை நீ அறிந்துகொள்" என்பதுதான். 1992இல் சூ, அரெடோண்டோ, மெக்டேவிஸ் என்ற அமெரிக்க ஆலோசனை அறிஞர்கள் மூவரும் வகுத்த பல்பண்பாட்டு ஆலோசனைத் தகுதிகளிலும் (வேறு பண்பாட்டினரோடு பணிசெய்ய ஆலோசகருக்கு வேண்டியவை) மனப்பாங்கு, அறிவு, திறன் என்றுதான் வரிசை. இந்த முதல் படியே வீண், படிவங்களைச் சீர்செய்தால் போதும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

சாய்வு, அதாவது முன்முடிவால் ஒருவர் பக்கம் சாய்ந்தோ விலகியோ நடப்பது, முகச்சுளிப்பாக வெளிப்படுவது அபூர்வம். கேட்கும் கேள்வியிலும் கேட்காமல் விடும் கேள்வியிலும்தான் அது இருக்கிறது. நயமாகப் பேசும் ஒருவர் "தூக்கம் வரவில்லை" என்றால் வேலை அழுத்தம் பற்றிக் கேட்கிறோம். கொச்சையாகப் பேசும் ஒருவர் அதையே சொன்னால் குடியைப் பற்றிக் கேட்கிறோம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் முதலாமவரின் குடிப்பழக்கம் பல அமர்வுகள் வரை மறைந்தே கிடக்கும். இரண்டாமவர் மறுபடி வராமலே போகக்கூடும். அந்த நொடியில் தன்னைத் தானே கவனிக்கிற மனம் இல்லாமல் இதை எது தடுக்கும்?

கூர்முனை:
உங்கள் எடுத்துக்காட்டுக்கு எளிய தீர்வு இருக்கிறது. தூக்கம், குடி, வேலை, வீட்டில் வன்முறை, தற்கொலை எண்ணம் ஆகிய ஐந்தையும் முதல் அமர்வில் எல்லாரிடமும் ஒரே சொற்களில் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எதைக் கேட்பது என்று அந்த நொடியில் முடிவெடுக்கும் தேவையே இல்லை. சாய்வு நுழைவதே அந்த முடிவில்தான்.

தன்னைக் கவனிக்கும் மனத்தை நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. 2005இல் ஹன்னனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர்களிடம் தங்களிடம் வருபவர்களில் யார் நிலை மோசமாகும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். 550 பேரில் 3 பேரை மட்டும் குறிப்பிட்டார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த மூன்றிலும் ஒன்றுதான் சரி. எதிரே உட்கார்ந்திருப்பவரின் சரிவே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், தனக்குள் இருக்கும் சாய்வு எப்படித் தெரியும்? 2019இல் கிட்டத்தட்ட 500 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஃபோர்ஷரின் குழுவும், உள்ளார்ந்த சாய்வின் (தனக்கே தெரியாமல் உள்ளே இருக்கும் சாய்வின்) அளவு மாறினாலும் நடத்தை கூடவே மாறுவதாகச் சான்று கிடைக்கவில்லை என்றுதான் எழுதியது.

ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் நான்கு கோடுகள் கொண்ட அமர்வு மதிப்பீட்டுத் தாளைக் கொடுங்கள். அமர்வு எப்படி இருந்தது என்று வந்தவரே ஒவ்வொரு கோட்டிலும் குறியிடுவார். ஒரு கோடு 10 செ.மீ., ஒரு செ.மீ.க்கு ஒரு மதிப்பெண், மொத்தம் 40. 36க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே பேசுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, முதல் அமர்வோடு நின்றுபோனவர்களை மொழி, பால், வயது, வருமானம் வாரியாக எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கு காட்டுவதை எந்தச் சுயபரிசோதனையும் காட்டாது.

இரட்டைவரி:
கூர்முனை, அந்தத் தாள் நல்ல கருவிதான். ஆனா யாருக்குப் பயம் அதிகமோ அவங்கதான் 40க்கு 40 போடுவாங்க. நீதிமன்றம் அனுப்பி வந்தவர், வதிவுரிமைக்குக் காத்திருக்கிறவர், படிப்பு குறைவுன்னு கூச்சப்படுறவர், இவங்க முழு மதிப்பெண் கொடுத்தா அது திருப்தியா, தற்காப்பான்னு தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து மூணு தடவை 40 வந்தா அதையே எச்சரிக்கையா எடுத்துக்கணும். கேள்வியையும் மாத்தணும். "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் பதில் வரும். "இன்னிக்கு நான் எதையாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்பேன், அது எதுன்னு சொல்லுங்க"ன்னு கேட்டா, தப்பு நடந்திருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டதால அவங்களுக்கு வாய் திறக்கத் தைரியம் வரும். இதுக்குக் கடைசி ஐந்து நிமிஷத்தை ஒதுக்கணும். செருப்பு மாட்டுற நேரத்துல கேட்டா பயனில்லை.

இன்னொன்னு: அளவுகோலே கோணலா இருந்தா என்ன செய்வீங்க? 1970இல் ப்ரோவர்மன் குழு 79 மனநலத் துறையினரிடம் ஒரு குணப் பட்டியலைக் கொடுத்தது. சிலர் ஆரோக்கியமான ஆணை விவரிக்கணும், சிலர் ஆரோக்கியமான பெண்ணை, சிலர் பால் குறிப்பிடாமல் ஆரோக்கியமான மனிதரை. ஆணும் மனிதரும் ஏறக்குறைய ஒத்துப்போனாங்க. பெண் மட்டும் அடங்கிப் போறவளா, எளிதில் வசப்படுறவளா வந்தா. இந்தக் கண்ணோட படிவம் தயாரிச்சா, எல்லாருக்கும் ஒரே மாதிரி அநீதி கிடைக்கும். 1973 வரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டுல ஒருபாலீர்ப்பு ஒரு கோளாறு. அந்தக் காலத்துல விதிமுறையை அச்சுப் பிசகாமப் பின்பற்றினவர்தான் அதிகத் தீங்கு செஞ்சார்.

கூர்முனை:
அளவுகோல் பற்றிச் சொன்னது வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனால் 1973இல் அந்த மாற்றம் எப்படி வந்தது? அதற்கு வழிவகுத்தவற்றில் ஒன்று அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கரின் 1957ஆம் ஆண்டு ஆய்வு. ஒருபாலீர்ப்புள்ள 30 ஆண்கள், எதிர்பாலீர்ப்புள்ள 30 ஆண்கள். இவர்களின் உளச்சோதனை விடைகளை, யாருடையது எது என்று சொல்லாமல் மூன்று வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அந்த மூவரின் மனப்பாங்கை யாரும் மாற்றவில்லை. அடையாளத்தை மறைத்தார்கள், அவ்வளவுதான். வேலைமுறையின் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ஆற்றுமணல்:
அந்த ஆய்வை நடத்த வேண்டும் என்று ஹூக்கருக்குத் தோன்றியதே மனப்பாங்குதான். எல்லாரும் விடை தெரியும் என்று நினைத்த இடத்தில் அவர் கேள்வி கேட்டார். அதை எந்தப் படிவம் செய்யும்?

வேர்நீர்:
மனப்பாங்கு, அறிவு, திறன் என்ற வரிசையில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று, நடுவில் இருக்கும் "அறிவு". எனக்குக் கவலை தருவது வெறுப்பை விட, பாதி அறிவுதான். "இந்தச் சமூகத்தார் உணர்ச்சியை வெளிக்காட்ட மாட்டார்கள்", "அந்த மதத்தவருக்குக் குடும்பம்தான் எல்லாம்" என்று பயிலரங்கில் எழுதிக்கொண்டு வருவதும் முன்முடிவுதான். பரிவின் உடையில் வருவதால் யாரும் தடுப்பதில்லை. இதன் மோசமான விளைவு, வீட்டில் அடி வாங்குகிறேன் என்று ஒருவர் சுற்றிவளைத்துச் சொல்லும்போது "அவர்கள் பண்பாட்டில் தலையிடக் கூடாது" என்று ஆலோசகர் ஒதுங்குவது. பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்குப் பண்பாட்டு விலக்கு கிடையாது.

எதிர்த்திசையிலும் பிழை உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் வாரக்கணக்கில் அழுதால், அதையும் அந்தக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவார்கள். மனச்சோர்வு கண்ணில் படாது. ரைஸும் உடனாய்வாளர்களும் 1982இலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். விவரக்குறிப்பில் குறைபாட்டைச் சேர்த்ததுமே, அதே அறிகுறிகள் வல்லுநர்களுக்குச் சிறியதாகத் தெரிந்தன.

மாற்று வழி, கேட்பது. அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் இருக்கிறது. இந்தச் சிக்கலை உங்கள் வீட்டாரிடம் எந்தச் சொல்லால் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதுவரை எதை முயன்றீர்கள் என்ற போக்கில் செல்லும். இதைச் சிறுபான்மையினருக்கு மட்டும் பயன்படுத்தினால் அதுவே சாய்வு. பெரும்பான்மையினரிடமும் கேட்க வேண்டும். அவர்களுக்கும் பண்பாடு உண்டு.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் முக்கோணமாக உட்காருங்கள், நாடி வந்தவரைப் பார்த்தே பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்று சொன்ன கணமே நாடி வந்தவர் அறையில் மூன்றாம் மனிதராகிவிடுகிறார். குழந்தையையோ கணவரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

மறுகரை:
நடைமுறைக் கேள்வி ஒன்று. தன் மதநம்பிக்கை காரணமாக ஒரு திருநங்கையோடு மனமொப்பிப் பணிசெய்ய முடியாது என்று ஓர் ஆலோசகர் நேர்மையாக உணர்ந்தால், வேறொருவரிடம் அனுப்புவதுதானே நாடி வந்தவருக்கு நல்லது? உள்ளுக்குள் மறுப்போடு உட்கார்ந்திருப்பவர் எதிரே ஐம்பது நிமிடம் இருப்பதால் என்ன குணம் கிடைக்கும்?

ஆற்றுமணல்:
அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது. திறன் இல்லை என்பதற்காக அனுப்பலாம். சொந்த விழுமியங்கள் என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பக் கூடாது. 2016இல் டென்னசி மாநிலம் இதற்கு நேர்மாறாகச் சட்டம் இயற்றி, ஆழ்ந்த கொள்கை காரணமாக மறுக்கும் ஆலோசகருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. சங்கம் அடுத்த ஆண்டு நாஷ்வில்லில் நடக்கவிருந்த மாநாட்டையே வேறு மாநிலத்துக்கு மாற்றியது.

உங்கள் கேள்வியில் ஒரு பகுதி நியாயம். வெறுப்போடு நடக்கும் அமர்வு தீங்குதான். ஆனால் பிறரால் பலமுறை தள்ளப்பட்ட ஒருவருக்கு, "வேறொருவரைப் பாருங்கள்" என்பது இன்னொரு தள்ளலாகவே விழும், எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும். அதோடு பலர் வருவது வேலை இழப்புக்கோ துக்கத்துக்கோ. அவர்களுடைய பால் அடையாளம் அன்றைய பேச்சிலேயே இருக்காது. முதலில் அந்த வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் செல்ல வேண்டும். எந்த வாக்கியத்தைக் கேட்டதும் உடல் இறுகியது என்பதைச் சொல்ல வேண்டும், "எனக்கு ஒத்துவராது" என்று பொதுவாக அல்ல. திறன் குறை என்றால் பயிற்சி. அப்படியும் அனுப்ப நேர்ந்தால், அடுத்தவர் முதல் சந்திப்புக்கு நாள் கொடுக்கும் வரை நீங்கள்தான் பொறுப்பு.

மறுகரை:
உடல் இறுகிய வாக்கியத்தைச் சொல்லும் அளவுக்கு மேற்பார்வையாளர் மேல் நம்பிக்கை வேண்டுமே. அதே மேற்பார்வையாளர்தான் ஆண்டு மதிப்பீடும் எழுதுகிறார் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதற்கு உங்கள் இரு தரப்பிலும் பதில் வரவில்லை.

கூர்முனை:
இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது. அதற்கு வழியில்லாத சிறு இடங்களில் ஒலிப்பதிவு உதவும். நாடி வந்தவர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால், நடுவில் பத்து நிமிடத்தை மட்டும் சக ஆலோசகரோடு கேளுங்கள். யார் யாரை இடைமறித்தார், எந்தப் பேச்சுக்கு "ம்" கூட வரவில்லை என்று எண்ணினால் போதும். அமர்வுக் குறிப்பையும் பாருங்கள். "ஒத்துழைக்கவில்லை", "ஆவேசமானவர்" என்று இருந்தால் அடித்துவிட்டு, கண்டதை எழுதுங்கள்: "இருமுறை கேள்விக்குப் பதில் சொல்லாமல் சன்னலைப் பார்த்தார்." அடிக்காமல் விட்டால் "ஆவேசமானவர்" போன்ற சொற்கள் கோப்போடு போய், அடுத்த ஆலோசகர் ஆளைப் பார்க்கும் முன்பே அவர் மனத்தில் உட்கார்ந்துவிடும்.

இரட்டைவரி:
இதோட முழுசா ஒத்துப்போறேன். ஒரு சின்னத் திருத்தம்: கோப்பைச் சரிபார்க்கிற சக ஆலோசகர் உங்க பின்னணியிலேருந்து வந்தவரா இருக்க வேண்டாம். "ஆவேசமானவர்"ங்கிற சொல் உங்க ரெண்டு பேருக்குமே இயல்பாப் பட்டா, அது அடிபடாமலே தங்கிடும்.