வெப் பேஜைப் பலருக்கு மொத்தமாக மெயிலில் அனுப்புவதில் பட்டறிந்தவை

பிரவுசரில் பக்கத்தைத் திறந்து, மொத்தத்தையும் காப்பி அடித்து மெயிலில் ஒட்டினால், அனுப்புகிறவர் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். குலைவது எதிர்முனையில். விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் கிளாசிக் அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்தே வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் மெயிலைக் காட்டுகிறது. பக்கத்தை அடுக்கும் புது முறைகளான ஃப்ளெக்ஸும் அதற்குத் தெரியாது, கிரிட்டும் தெரியாது. பல அலுவலகங்களில் இன்னும் அதுதான் ஓடுகிறது.

ஆகவே பக்கத்தை டேபிளில் மறுபடி கட்டுங்கள். ஒரே நெடுவரிசை, 600 பிக்சல் அகலம். பேடிங்கை (உள் இடைவெளியை) டிவ் டேகுக்குக் கொடுக்காமல் டேபிளின் கட்டத்துக்குக் கொடுங்கள். ஸ்டைலை அந்தந்த டேகிலேயே எழுதுங்கள், தனி சி.எஸ்.எஸ் (ஸ்டைல்) ஃபைலை ஜிமெயில் எடுத்துக்கொள்ளாது. ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யாது. ஃபார்ம் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, பக்கத்துக்குப் போகும் ஒரு பட்டன் வைப்பதே நல்லது.

படங்களில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பக்கத்தில் படத்தின் பாதை ஃபோல்டர் பெயரோடு மட்டும் இருக்கும். மெயிலுக்கு டொமைனோடு சேர்ந்த முழு முகவரி வேண்டும். லோகோ எஸ்.வி.ஜி வகைப் படமாக இருந்தால் பி.என்.ஜி வகைக்கு மாற்றுங்கள். அகலத்தை இமேஜ் டேகிலேயே எண்ணாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 1200 பிக்சல் படம் அவுட்லுக்கில் 1200 பிக்சலுக்கே விரிந்து மெயிலையே பிதுக்கிவிடும். பல கம்பெனிகளில் படம் தானாக இறங்காது. ஆல்ட் வரி (படத்துக்குப் பதிலாகத் தெரியும் எழுத்து) இல்லாவிட்டால் அங்கே வெறும் கட்டம்தான்.

*

இதெல்லாம் எதற்கு, பக்கத்தை எச்.டி.எம்.எல் ஃபைலாக அட்டாச் செய்துவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. வேண்டவே வேண்டாம். போலி மெயில் அனுப்பி ஏமாற்றும் பிஷிங் ஆட்கள் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல கம்பெனி ஃபில்டர்கள் அந்த அட்டாச்மென்ட்டைக் கண்டாலே நிறுத்திவைக்கும்.

*

மேலே சொன்னதோடு அளவையும் கவனியுங்கள். எச்.டி.எம்.எல் சுமார் 102 கே.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிட்டு, 'முழு மெயிலையும் பார்க்க' என்று ஒரு லிங்க் மட்டும் காட்டும். வெளியிலிருந்து வரும் படங்கள் இந்தக் கணக்கில் வராது. பேஜ் பில்டர் (பக்கம் கட்டும் கருவி) போட்டுவைக்கும் உதவாத நிரல் வரிகள்தான் எடையைக் கூட்டுகின்றன. வெட்டுப்படுவது கடைசிப் பகுதி. அன்சப்ஸ்கிரைப் லிங்க் (இனி மெயில் வேண்டாம் என்று விலகும் லிங்க்) இருப்பதும் அங்கேதான். அது கண்ணில் படாதவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார்.

இன்னொன்று வரியின் நீளம். மெயில் விதிப்படி ஒரு வரிக்கு 998 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. மினிஃபை செய்த (இடைவெளிகளை நீக்கிச் சுருக்கிய) பக்கம் முழுக்க ஒரே வரி. என்கோடிங் (எழுத்தை மாற்றி அனுப்பும் முறை) இல்லாமல் அனுப்பினால் வழியில் ஏதாவதொரு சர்வர் நடுவில் உடைக்கும். லிங்க் இரண்டாகும், சம்பந்தமில்லாத இடத்தில் ஆச்சரியக்குறி முளைக்கும். இதற்கு மருந்து கோட்டட்-பிரிண்டபிள் அல்லது பேஸ்64 என்ற என்கோடிங். தமிழ் மெயிலுக்குப் பேஸ்64தான் சரி. 'க' என்ற ஓரெழுத்து யு.டி.எஃப்-8இல் 3 பைட். கோட்டட்-பிரிண்டபிளில் அது 9 எழுத்தாக வீங்கும், பேஸ்64இல் 4 எழுத்தோடு முடியும்.

*

அனுப்பும் வழியைப் பற்றி. நூறு முகவரியை சி.சி.யில் போடுவது எல்லார் முகவரியையும் எல்லாருக்கும் கொடுப்பது, பி.சி.சி.யில் போட்டால் ஆளுக்கு ஆள் பெயரிட்டு எழுத முடியாது, ஸ்பாம் சந்தேகமும் கூடும். கொஞ்சம் பேருக்கு என்றால் வேர்டின் மெயில் மெர்ஜ் போதும், ஒவ்வொருவருக்கும் தனி மெயிலாகப் போகும். ஆயிரக்கணக்கில் என்றால் மெயில் அனுப்பும் சேவை ஒன்று வேண்டும்.

சேவையைச் சேர்க்கும்போது டொமைனின் விவரப் பதிவான டி.என்.எஸ்.ஸில் இரண்டாவதாக ஒரு எஸ்.பி.எஃப் ரெக்கார்டைப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியலை) போட்டுவிடாதீர்கள். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகும். இருப்பதிலேயே சேருங்கள், டி.என்.எஸ் தேடல் மொத்தம் 10க்குள் அடங்க வேண்டும். டி.கே.ஐ.எம் கையெழுத்து (மெயிலோடு போகும் டிஜிட்டல் முத்திரை) உங்கள் டொமைன் பெயரிலேயே இருக்கட்டும். சேவையின் பெயரில் இருந்தால் கையெழுத்து செல்லுபடியாகும், ஆனால் அதைக் காட்டி, அனுப்புநர் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டிமார்க்கில் பாஸ் ஆக முடியாது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இந்த மூன்றும் கட்டாயம். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது.

*

பிசினஸ் முகவரிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று. கம்பெனியின் பாதுகாப்பு ஃபில்டர், மெயிலை ஆளிடம் கொடுப்பதற்கு முன் உள்ளேயிருக்கும் லிங்க்குகளைத் தானே திறந்து பார்க்கும். அனுப்பிய சில நொடிகளில் ஒரே முகவரியிலிருந்து எல்லா லிங்க்கிலும் கிளிக் விழுந்திருந்தால் அது ஆளில்லை, ஃபில்டர். திறந்த மாத்திரத்தில் பெயரை நீக்கிவிடும் அன்சப்ஸ்கிரைப் லிங்க் வைத்திருந்தால் அந்த ஃபில்டரே உங்கள் வாடிக்கையாளரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடும். லிங்க்கைத் திறந்ததும் 'உறுதி செய்' என்று ஒரு பட்டன் வரட்டும். மெயிலின் ஹெடரில் (கண்ணில் படாத தலைப்பகுதியில்) கொடுக்கும் ஒன்-கிளிக் நீக்கம், வெறுமனே லிங்க்கைத் திறந்தால் இயங்காத போஸ்ட் முறையில் மட்டும் இயங்கட்டும். 5.1.1 என்ற பிழை எண்ணோடு பவுன்ஸ் ஆன (திரும்பி வந்த) முகவரியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், அந்தப் பெட்டியே அங்கே இல்லை. 4இல் தொடங்கும் பிழை எண் வந்தால் விட்டுவைக்கலாம், சர்வர் மறுபடி முயலும்.