பீடியை விட்ட பிறகு சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) எப்போது குறைந்தது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 58, 30 வருஷப் பீடிப் பழக்கம். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு கிராம்பு டப்பா. பழக்கத்தில் கை அங்கே போகும், ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

போன வாரம் ரத்தம் கொடுத்தோம். ஹெச்எஸ்-சிஆர்பி (சிஆர்பியை நுட்பமாக அளக்கும் சோதனை) 5.8, வெள்ளை அணுக்கள் 11,200. இரண்டுமே அதிகம். சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "விட்டும் என்ன பிரயோஜனம்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். புகை நுரையீரலை உறுத்த உறுத்த, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் கூடும். அவை தூண்டுவதால் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். 3-க்கு மேல் இருந்தால் இதயத்துக்கு ஆபத்து அதிகம். புகையை விட்டால் வெள்ளை அணுக்கள் சீக்கிரம் இறங்கத் தொடங்கும், சிஆர்பி மெதுவாகத்தான், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட ஆகும். தொப்பை போட்டாலும் அது ஏறுமாம். அப்பா வேறு 5 கிலோ கூடியிருக்கிறார்.

சரி, என் கேள்வி இதுதான். நீங்களோ உங்கள் வீட்டிலோ நெடுநாள் பழக்கத்தை விட்டவர்கள் இருந்தால், விட்டபோது சிஆர்பி எவ்வளவு, இப்போது எவ்வளவு, எத்தனை மாதம் ஆனது? நடைப்பயிற்சி உதவியதா? மருந்து எதுவும் சொல்ல வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் அப்பா டீக்கடைப் பக்கம் கிளம்புவதற்குள் உங்கள் பதில்களை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.