கார் பேட்டரி டெஸ்டர்: விலை குறைவாக எதை வாங்கலாம்?

நண்பர்களே, காரை இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட்டர் முனகுகிறது. மல்டிமீட்டரில் 12.5 வோல்ட், கிட்டத்தட்ட முழு சார்ஜ், ஆனால் சாவியைத் திருப்பியதும் 9-க்குக் கீழே விழுந்துவிடுகிறது, அதனால் வோல்ட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. அப்புறம் தேடியதில் இரண்டு வகை கண்ணில் பட்டன: சில நொடிகள் பெரிய லோடு கொடுத்துப் பார்க்கும் பழைய மாடல், உள் மின்தடையை அளந்து சிசிஏ (குளிரிலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம்) காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி. முதலாவது நன்றாகவே சூடாகும், தீப்பொறி பயம் வேறு. டிஜிட்டலுக்குத்தான் மனம் சாய்கிறது. ஆனால் மலிவான கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? ஏஜிஎம் பேட்டரிக்கும் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) சரிவருமா? வருடத்துக்கு நான்கு தடவை எடுக்கப்போகிற சாமானுக்குப் பெரிய தொகை போட மனசில்லை. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.